மகிழ்ச்சி பதிவாகவில்லை

மேற்கு மண்டல வாலிபால் அபிவிருத்திக் கழகம், வாலிபாலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அபிவிருத்தி செய்துகொண்டிருந்த காலம் அது. 1996. கழகத்துக்குக் கட்டடம் இருந்தது, லெட்டர்பேட் இருந்தது, பச்சையும் ஊதாவுமாக ஒரு கொடி இருந்தது, அந்தக் கொடியைச் செருகுவதற்குத் தலைவரின் கார் முகப்பில் ஒரு கம்பியும் இருந்தது. பார்வையாளர்கள்தான் இல்லை. போன வருஷத்து இறுதி ஆட்டத்தை முப்பத்தொரு பேர் பார்த்தார்கள். அதில் பதினெட்டுப் பேர் நிர்வாகக் குழு.

இதற்கு என்ன செய்யலாம் என்று கூடிய கூட்டத்தில் செயலாளர் கிருபாசங்கர் எழுந்தார். அவர் அப்போதுதான் அமெரிக்காவில் அண்ணன் வீட்டில் பதினோரு நாள் தங்கிவிட்டு வந்திருந்தார். அந்தப் பதினோரு நாளில் ஒரு நாள் அண்ணன் அவரைக் கூடைப்பந்து ஆட்டத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்.

“அங்க ஆட்டத்த ஒருத்தரும் பாக்கறதில்லீங்க. மேல பெருசா ஒரு டிவி. அதுல கூட்டத்தக் காட்டறாங்க. மூஞ்சி தெரிஞ்ச ஒடனே அவனவன் எந்திரிச்சு ஆடறானுங்க. ஆட்டத்தப் பாக்க வர்றவன் ஒருக்கா வருவான். தன்னையே பாக்க வர்றவன் தெனமும் வருவான். நம்மகிட்ட இல்லாதது நல்ல ஆட்டக்காரங்க இல்லீங்க, கேமராங்க” என்றார் அவர். இடையில் தம்பதிகளைக் காட்டும் ஒரு வழக்கம் அங்கே உண்டு என்றும், காட்டியவுடன் அவர்கள் ஒன்று செய்வார்கள் என்றும் சொன்னார். அந்த ஒன்று என்ன என்பதைத் தலைவரின் காதில் மட்டும் சொன்னார். தலைவர் நெடுநேரம் இருமினார்.

தலைவர் செங்கோடன் கிணத்துக்கடவில் ஐந்நூறு தென்னைமரத்துக்குச் சொந்தக்காரர். வாலிபாலைக் கையால் தொட்டதே இல்லை. தொட்டிருந்தால் பாரபட்சம் வந்திருக்கும் என்பார். “தம்பி சொல்றது சரியாத்தான் படுது. ஆனா நம்மூருச் சனம் கேமராவக் கண்டா வெறைச்சுப் போயிருமுங்க. சந்தோசப்படறதுக்கும் ஒரு ஒழுங்குமொற வேணுமில்லீங்களா?” என்று அவர் கேட்டார்.

இப்படித்தான் ‘பார்வையாளர் மகிழ்ச்சி உபகுழு’ பிறந்தது. அது மூன்று மாதம் உட்கார்ந்து முப்பத்திரண்டு விதிகள் எழுதியது. முதல் விதி: பார்வையாளர்கள் இயல்பாக இருத்தல் வேண்டும்; தவறுவோர் வெளியேற்றப்படுவர்.

அமெரிக்காவில் இருந்த அளவுக்குப் பெரிய டிவி கோயமுத்தூரில் கிடைக்கவில்லை. காந்திபுரத்துக் கடைகளில் பதினாறு டிவிப் பெட்டிகளை வாடகைக்கு எடுத்து, இரும்புச் சட்டத்தில் நாலுக்கு நாலாக அடுக்கி, மேலே பந்தல் போட்டு, இரண்டு பக்கமும் வாழைமரம் கட்டினார்கள். பதினாறும் சேர்ந்து ஒரே பெரிய முகத்தைக் காட்டும் என்பது திட்டம். சுவிட்சைப் போட்டதும் ஒரே முகம் பதினாறு சின்ன முகங்களாக வந்தது. பதினைந்து கலரில், ஒன்று கறுப்பு வெள்ளையில். செயலாளர் அசரவில்லை. “அமெரிக்காவுல ஆளுக்கு ஒரு மூஞ்சிதானுங்க. நாம பதினாறு குடுக்கறோம்” என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

கேமராவுக்கு பிரான்சிஸைப் பிடித்தார்கள். காந்திபுரத்தில் ஒரு லாட்ஜின் மேல்மாடியில் வீடியோக் கடை வைத்திருந்தவர், தங்கமான மனிதர். அவருக்குத் தெரிந்தது கல்யாண வீடியோ மட்டும். அதை அவர் முதலிலேயே சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இனி மருதாசலம். சரவணம்பட்டிப் பக்கம் பம்புசெட் ஃபவுண்டரி ஒன்றில் இருபத்தாறு வருஷமாக வார்ப்புக்கு மணலில் அச்சு அடிப்பவர். அவருடைய ஒரே மகள் மதிவதனி சரவணம்பட்டி மகளிர் அணியில் ஆடுகிறாள். ஒன்பது வருஷமாக ஆடுகிறாள். அவளுடைய சர்ட்டிபிகேட்டுகளை அவர் பார்த்திருக்கிறார், முழங்கால் சிராய்ப்புகளுக்கு மருந்து போட்டிருக்கிறார், ஷூவைக் கழுவி ஓட்டின்மேல் காயவைத்திருக்கிறார். ஆனால் அவள் ஒரு பந்தை அடிப்பதை அவர் பார்த்ததில்லை. ஆட்டம் இருக்கிற நாளெல்லாம் அவருக்கு ஷிப்ட் இருக்கும். இந்த வருஷம் இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று வந்துவிட்டது. சனிக்கிழமையே அவர் சட்டையைத் தேய்த்து வைத்துவிட்டார்.

“ஒரே ஒரு பந்தக் கண்ணால பாத்துப்போட்டன்னா போதும் எனக்கு” என்று உக்கடத்தில் பஸ் ஏறியதிலிருந்து கிணத்துக்கடவு வரை மனைவி ராமாத்தாளிடம் சொல்லிக்கொண்டே வந்தார். ராமாத்தாள் இரண்டு ஆட்டம் பார்த்தவள். அந்தப் பெருமையில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

மைதான வாசலில் ஒரு மேசை, அதன் மேல் படிவங்கள். படிவத்தின் நான்காவது கேள்வி இது: மகிழ்ச்சி ஏற்படும்போது தாங்கள் (அ) கைதட்டுவீர்களா (ஆ) எழுந்து நிற்பீர்களா (இ) பக்கத்தில் இருப்பவரைக் கட்டிப்பிடிப்பீர்களா? ‘இ’ எனில் பக்கத்தில் இருப்பவரின் கையொப்பம் தேவை.

மருதாசலம் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எனக்கு இதெல்லாம் செய்ய வராதுங்க அம்மணி. சும்மா உக்காந்து பாப்பனுங்க.”

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் பேனாவை வைத்துவிட்டு உள்ளே ஓடினாள். சற்று நேரத்தில் செயலாளர் கிருபாசங்கரே வந்துவிட்டார். அறுநூறு பேர் படிவம் எழுதியிருந்தார்கள். சும்மா பார்ப்பேன் என்று சொன்ன ஆள் இவர் ஒருத்தர்தான். “இயல்பான பார்வையாளர்!” என்று சொல்லி மஞ்சள் பட்டை ஒன்றை அவர் சட்டையில் தன் கையாலேயே குத்தினார். ஆட்டக்காரியின் அப்பா என்றும் தெரிந்தபோது செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. “அமெரிக்காவுல இதுக்குன்னே ஆள் போட்டுத் தேடறாங்க. நீங்க டவுன் பஸ்ஸுல வந்து எறங்கியிருக்கறீங்க” என்று சொல்லி, முதல் வரிசையில் நடு நாற்காலியில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

உட்கார்ந்ததும் மருதாசலத்துக்கு எதிரே பதினாறு டிவிப் பெட்டிகள் இருந்தன. பெட்டிகளுக்குப் பக்கத்தில் பிரான்சிஸ் தோளில் கேமராவோடு நின்றார். பதினாறிலும் மருதாசலம் தெரிந்தார்.

“ஏனுங்க, ஆட்டம் எங்கீங்க நடக்குது?” என்று கேட்டார்.

“உங்க முதுகுக்குப் பின்னாலீங்க” என்றார் கிருபாசங்கர்.

விதி ஒன்பது. பார்வையாளர்கள் ஆட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தால் கேமராவுக்கு முகம் கிடைப்பதில்லை. ஆகவே நாற்காலிகள் கேமராவைப் பார்த்துப் போடப்படும். உபகுழு இதை ஏகமனதாக நிறைவேற்றியிருந்தது. எனக்கு இந்த இடத்தில் கோபம் வருகிறது. கதை சொல்கிறவன் கோபப்பட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பதால் மேலே போகிறேன்.

ஆட்டம் தொடங்கியது. முதுகுக்குப் பின்னால் விசில் கேட்டது, பந்து தட்டும் சத்தம் கேட்டது. மருதாசலம் கழுத்தைத் திருப்பினார். உடனே ஒரு தொண்டர் வந்து, “கேமராவப் பாருங்கண்ணா” என்று மரியாதையாகத் தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்டுப் போனார்.

நல்லவேளையாக பிரான்சிஸ் அவரை விட்டு நகர்ந்தார். கல்யாண வீட்டில் மேடை ஏறுவதற்கு வரிசை உண்டல்லவா, அதே வரிசையில்தான் அவருக்குப் படம் எடுக்கத் தெரியும். முதலில் தலைவர், பிறகு தலைவரின் தாய்மாமன், அப்புறம் சம்பந்தி, சம்பந்தியின் அண்ணன் என்று போனார். சம்பந்தியின் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. தம்பியை முதலில் காட்டிவிட்டுத் தன்னைப் பிறகு காட்டியதோடு, தன் முறை வந்தபோது கறுப்பு வெள்ளைப் பெட்டியில்தான் கூட்டம் அதிகமாகப் பார்த்தது என்றார். எழுந்து காரை நோக்கி நடந்தார். ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு, தலைவரும் செயலாளரும் பின்னாலேயே ஓடி, காப்பி கொடுத்து அழைத்துவந்தார்கள். அவரை மட்டும் தனியாக ஐந்து நிமிஷம் காட்டினார்கள். அதற்குள் முதல் செட்டை எதிரணியான பொள்ளாச்சி ஜெயித்துவிட்டது. யாருக்கும் தெரியவில்லை.

இரண்டாவது செட்டில் கேமரா மறுபடி மருதாசலத்திடம் வந்தது. அப்போதுதான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். டிவியில் தன் காதுக்கும் ராமாத்தாள் தலையில் இருந்த மல்லிகைக்கும் நடுவே, பின்னால், நாலு விரல் அகலத்துக்கு மைதானம் தெரிந்தது. அதில் ஊதா பனியன் போட்ட ஒரு பெண் ஓடினாள்.

“அம்மிணி, அது நம்ம புள்ளதானா?”

“பனியன் நம்முளுதுதாங்க. ஆள் தெரியலீங்க. சித்த தலையச் சாய்ங்க.”

அவர் தலையைச் சாய்த்தார். மைதானம் ஆறு விரல் அகலமானது. மதிவதனி பந்தைத் தூக்கிப்போட்டு, கையை ஓங்கினாள். மருதாசலத்துக்குக் கண் அகலமானது. அந்த முகத்தைப் பார்த்த பிரான்சிஸ், நல்ல தொழில்காரர் செய்வதைத்தான் செய்தார். முகத்துக்குக் கிட்டே போனார். பதினாறு பெட்டியிலும் மருதாசலத்தின் மூக்கு நிறைந்தது, மைதானம் மறைந்தது.

பிறகு மருதாசலம் ஒரு தந்திரம் செய்தார். சுவாரஸ்யமே இல்லாத முகமாக வைத்துக்கொண்டால் கேமரா கிட்டே வராது, பின்னால் மைதானம் தெரியும். ஆனால் மகளைப் பார்த்ததும் முகம் சுவாரஸ்யமாகிவிடுகிறது, கேமரா வந்துவிடுகிறது. எட்டு முறை முயன்றார். எட்டு முறையும் கை ஓங்கியதுவரைதான் பார்த்தார்.

நாலாவது செட்டின் நடுவில் ‘தம்பதியர் நிமிடம்’ வந்தது. அமெரிக்காவில் செய்யும் அந்த ஒன்றுக்குப் பதிலாக, மனைவி மைக்கில் கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று உபகுழு முடிவு செய்திருந்தது. அமெரிக்காவில் நடப்பதே பரவாயில்லை என்று அங்கிருந்த பெண்கள் நினைத்திருப்பார்கள். மைக்கை ராமாத்தாளிடம் நீட்டினார் கிருபாசங்கர்.

“பேரச் சொல்லுங்க அம்மணி.”

“அதெப்படீங்க சொல்றது?”

“அப்பறம் ஊட்டுல எப்படிக் கூப்பிடுவீங்க?”

ராமாத்தாள் மைக்கைப் பார்த்தாள். வீட்டில் கூப்பிடுகிற குரலிலேயே கூப்பிட்டாள். “ஏனுங்க!”

மைதானத்தில் இருந்த நானூறு ஆண்களும், “என்னம்மிணி?” என்று திரும்பினார்கள். அம்பயர் திரும்பினார். தென்னந்தோப்பில் தேங்காய் பறித்துக்கொண்டிருந்தவர் மரத்தின் மேலிருந்தே, “வாரேன்” என்றார். பொள்ளாச்சி அணியின் பயிற்சியாளர் திரும்பியதைப் பார்த்து அவருடைய ஆறு பெண்களும் திரும்ப, பந்து அவர்கள் நடுவில் வந்து விழுந்தது. நாலாவது செட் சரவணம்பட்டிக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். “என்னக் கூப்பிட்ட மாதிரியே இருந்துச்சுங்க” என்று தலைவர் செங்கோடன் பிறகு பலரிடம் சொன்னார்.

ஆளுக்கு இரண்டு செட். ஐந்தாவதில் சரவணம்பட்டி பதினாலு, பொள்ளாச்சி பன்னிரண்டு. இன்னும் ஒரு பாயிண்ட். சர்வீஸ் போடவேண்டியது மதிவதனி.

செயலாளர் ஒலிபெருக்கியில் அறிவித்தார். “அடுத்து வருவது வெற்றித் தருணம். இயல்பான பார்வையாளர் தயாராக இருக்கவும்.”

மருதாசலம் தயாராகத்தான் இருந்தார். விசில் ஊதியதும் நாற்காலியை விட்டு எழுந்து, கேமராவுக்கு முதுகைக் காட்டி, மைதானத்தைப் பார்த்து நின்றுவிட்டார். பதினாறு பெட்டியிலும் ஒரு வெள்ளைச் சட்டையின் முதுகு தெரிந்தது. மூன்று தொண்டர்கள் பாய்ந்து அவர் தோளை அமுக்கினார்கள். பந்து மதிவதனியின் கையை விட்டு மேலே போனதை அவர் பார்த்தார். கீழே வந்ததைப் பார்க்கவில்லை. அப்போது அவர் தொண்டர்களின் கைகளுக்கு அடியில் இருந்தார். அம்பயர் விசில் ஊதிக் கையைக் காட்ட, சரவணம்பட்டிப் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

“நிறுத்துங்க!” என்றது ஒலிபெருக்கி. “மகிழ்ச்சி பதிவாகலைங்க.”

கிருபாசங்கர் பிரான்சிஸைப் பார்த்தார். “இப்ப என்னங்க பண்றது?”

பிரான்சிஸ் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். “கல்யாணத்துலன்னா இன்னொருக்காத் தாலியக் கழுத்துக்கிட்டக் கொண்டுபோகச் சொல்லி எடுத்துப் போடுவமுங்க.”

தலைவர் செங்கோடன் எழுந்து மைக்கை வாங்கினார். “தாலி கட்டறதையே ரெண்டு வாட்டி எடுக்கறாங்க. அதுக்கு மேலயா ஒரு பந்து? முப்பத்திரண்டு விதியில எதுலயாச்சும் ஆட்டம் முக்கியமுன்னு எழுதியிருக்குதா? நானே படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டவனுங்க. எங்கீமே இல்லை. பாக்கறவங்க சந்தோசத்துக்குத்தான் ஆட்டம். சந்தோசம் பதிவாகாத பாயிண்ட்டு எப்பிடீங்க பாயிண்ட்டாகும்?” என்றார். பொள்ளாச்சிப் பயிற்சியாளர் முதல் ஆளாகக் கைதட்டினார். பாயிண்ட் ரத்தானது. மறுபடியும் பதினாலு, பன்னிரண்டு.

மதிவதனி கோட்டைத் தாண்டி, நாற்காலி வரிசைகளுக்கு நடுவில் ஓடிவந்தாள். வேர்வையில் நனைந்திருந்தாள். அப்பாவின் முன்னால் மண்டியிட்டாள்.

“அப்பா, இந்தவாட்டி கேமராவப் பாருங்கப்பா.”

“நான் உன்னப் பாக்கத்தான கண்ணு வந்தன்.”

“நீங்க பாத்தீங்கன்னா செல்லாதாமாங்கப்பா.”

மருதாசலம் மகளுடைய முகத்தைப் பார்த்தார். பிறகு ராமாத்தாளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். “செரி போ கண்ணு. பாக்கல” என்றார்.

நாற்காலியில் நேராக உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்தார். தாடையைத் திருப்ப யாரும் வரவேண்டியிருக்கவில்லை. பின்னால் விசில் கேட்டது. பந்தைத் தரையில் இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது. அவளுக்கு அப்படி ஒரு பழக்கம் இருக்கிறது என்பதை அவர் அப்போதுதான் தெரிந்துகொண்டார். பளீர் என்று ஓர் அடி. மருதாசலத்தின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிரான்சிஸ் கிட்டே போனார். பதினாறு மருதாசலங்கள், ஒருவர் கறுப்பு வெள்ளையில், அழுதார்கள். அறுநூறு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். உபகுழுவின் அட்டவணைப்படி கைதட்டல் ஐந்தரைக்குத்தான். அதை யாரும் கவனிக்கவில்லை.

கைதட்டல் ஓய்ந்தபிறகு, “பந்து உள்ளயா வெளியவா?” என்று யாரோ கேட்டார்கள்.

எல்லாரும் அம்பயரைப் பார்த்தார்கள். அம்பயர் உயரமான தன் ஸ்டாண்டில், டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். “அவரு அழுதத பாத்துட்டு இருந்துட்டனுங்க” என்றார். கோட்டு நடுவர்களும் அதையேதான் சொன்னார்கள். பந்து வேலி ஓரமாக உருண்டு கிடந்தது. எங்கே விழுந்து உருண்டது என்று அதற்குத்தான் தெரியும்.

உபகுழு அங்கேயே அவசரமாகக் கூடியது. விதி இருபத்தேழின்படி, பதிவான மகிழ்ச்சியை வைத்துப் பாயிண்ட்டை நிர்ணயிக்கலாம். ஆனால் பதிவாகியிருப்பது அழுகை. அழுகை துக்கத்தில் சேர்த்தி, ஆகவே பந்து வெளியே என்று பொள்ளாச்சிப் பயிற்சியாளர் வாதாடினார். கேசட்டை நாலு முறை ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் பிரான்சிஸை நிபுணர் என்ற முறையில் கேட்டார்கள்.

“ஏழு வருசமா எடுக்கறனுங்க. பொண்ணோட அப்பன் அழுதா அதச் சந்தோசத்துலதாஞ் சேத்துவமுங்க. பின்னால நாதஸ்வரம் போட்டுருவோம்” என்றார் அவர்.

தீர்ப்பு வந்தது. சரவணம்பட்டி ஜெயித்தது. அணிக்கு ஒரு கோப்பை, மருதாசலத்துக்கு ‘ஆண்டின் சிறந்த பார்வையாளர்’ கேடயம். கேடயம் கோப்பையைவிட ஒரு முழம் பெரியது. “இந்த மாதிரி பாக்கறவங்க இருக்கற வரைக்கும் இந்த ஆட்டத்துக்கு அழிவே கெடையாது” என்று தலைவர் பேசினார். மருதாசலம் கேடயத்தைக் குழந்தையைப்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையிலிருந்து இறங்கியதும் பிரான்சிஸின் கையைப் பிடித்தார்.

“எம் புள்ள எப்படிங்க போட்டா, அந்தப் பந்த?”

“நானும் உங்களத்தானுங்க பாத்துட்டு இருந்தேன்” என்றார் பிரான்சிஸ். அவருக்குச் சங்கடமாக இருந்தது.

கூட்டம் பஸ்ஸுக்கு ஓடியது. டிவிப் பெட்டிகளை லாரியில் ஏற்ற ஆரம்பித்தார்கள். கழுத்தில் மெடலோடு வந்த மகளிடமும் அவர் அதையே கேட்டார். “பந்து எங்க கண்ணு விழுந்துச்சு?”

“தெரியலீங்கப்பா.”

“நீயே தெரியலீன்னா?”

“அங்கிருந்து பாத்தா டிவிதாங்கப்பா தெரிஞ்சுது. நீங்க அழுதீங்க. அடிச்சுப்போட்டு அதத்தான் பாத்துட்டு நின்னேன்.”

மருதாசலம் கேடயத்தை ராமாத்தாளிடம் கொடுத்துவிட்டு, வரிசையிலிருந்த ஒரு நாற்காலியைத் தூக்கி, மைதானத்தைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“ஒரே ஒண்ணு போடு கண்ணு.”

“வலையக் கழட்டிட்டாங்களேப்பா.”

“பரவால்ல. போடு.”

மதிவதனி வேலி ஓரத்திலிருந்து பந்தை எடுத்துவந்தாள். கோட்டில் நின்றாள். இரண்டு முறை தட்டினாள். தூக்கிப்போட்டு, பின்னால் வளைந்து, ஓங்கி அடித்தாள். பந்து வலை இருந்த இடத்தைத் தாண்டி, எதிர்க் கோட்டையும் தாண்டி, தென்னந்தோப்புக்குள் போய் விழுந்தது.

“வெளியீங்கப்பா” என்றாள்.

மருதாசலம் எழுந்து நின்று, கை சிவக்கச் சிவக்கத் தட்டிக்கொண்டிருந்தார்.